24 கிலோவா, 18 கிலோவா? ட்ரெயிலுக்கு எலெக்ட்ரிக் மவுன்டன் பைக் எடுப்பவருக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் சில வருடங்களாகச் சாதாரண மவுன்டன் பைக்கில் காட்டுப்பாதைகளில் ஓட்டுகிறவர். எடை 82 கிலோ. ஒரு சுற்று போனால் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம் வரும். முழங்கால் முன்போல ஒத்துழைக்கவில்லை. கூட வருகிறவர்களில் பெரும்பாலானோர் மின்சார வண்டிக்கு மாறிவிட்டார்கள். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 24 கிலோ, 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றித் தள்ளும் விசை) தரும் மோட்டார், 800 வாட் ஹவர் பேட்டரி, 160 மி.மீ. சஸ்பென்ஷன். மற்றது 18.5 கிலோ, 55 நியூட்டன் மீட்டர், 400 வாட் ஹவர், 140 மி.மீ. எதை எடுப்பது?

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் முதல் வண்டியைத்தான் சொல்வேன், ஆனால் அதையே 600 வாட் ஹவர் பேட்டரியோடு. காரணம் கொஞ்சம் நீளம்.

மோட்டார் எண்களை வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது எடை. எவ்வளவு கனமான வண்டியோடு நீங்கள் ஒத்துப்போவீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால் மோட்டார், பேட்டரி, பிரேக், டயர் எல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். மோட்டாரை முதலில் முடிவு செய்தால் எடை உங்கள் தலையில் வந்து விழும்.

இன்றைக்கு ட்ரெயில் ஓட்டத்துக்கான மின்சார வண்டிகள் இரண்டு குடும்பங்களாக இருக்கின்றன. முழுச் சக்தி வண்டிகள் 22 முதல் 26 கிலோ வரை வரும். மோட்டார் 85 நியூட்டன் மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும், பேட்டரி 600 முதல் 800 வாட் ஹவர். இலகு வண்டிகள் 16 முதல் 20 கிலோவுக்குள், மோட்டார் 50-60 நியூட்டன் மீட்டர், பேட்டரி 300 முதல் 400 சொச்சம். நடுவில் சில வண்டிகள் உண்டு, இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். உங்கள் பட்டியலில் இரண்டு குடும்பத்திலும் ஒன்று இருப்பதால் கேள்வி தெளிவாகவே இருக்கிறது.

ஐந்தரை கிலோ வித்தியாசம் ஓடும்போது எங்கே தெரியும்? நேரான இறக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. சொல்லப்போனால் கல் நிறைந்த வேகமான இறக்கத்தில் கனமான வண்டி தரையோடு ஒட்டிப் போகும், சின்னக் கற்களுக்கெல்லாம் திசை மாறாது. மோட்டாரும் பேட்டரியும் நடுவில், தாழ்வாக உட்கார்ந்திருப்பதுதான் காரணம். வித்தியாசம் தெரிவது திரும்புகிற இடத்திலும் தூக்குகிற இடத்திலும். ஒற்றையடிப் பாதையில் அடுத்தடுத்து இடமும் வலமும் சாய்க்க வேண்டிய வளைவுகள், முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு மரக்கட்டையைத் தாண்டுவது, குதிக்கும்போது காற்றில் வண்டியைத் திருப்புவது, இதிலெல்லாம் 24 கிலோ தன் பேச்சைக் கேட்கச் சொல்லும். இலகு வண்டி ஏறத்தாழ நீங்கள் பழகிய சைக்கிள் போலவே நடந்துகொள்ளும். சறுக்கி விழுந்த பிறகு செங்குத்தான சரிவில் வண்டியை நிமிர்த்தி நிறுத்துவதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான், அதை மறக்க வேண்டாம்.

இப்போது மோட்டார். 85 என்ற எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு தரலாம் என்று பார்ப்போம். சக்தி என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் பெருக்கி வருவது. போஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ். மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாக அதன் உச்ச முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டராகவும் உச்ச சக்தி 600 வாட்டாகவும் இருந்தது. 600-ஐ 85-ஆல் வகுத்துச் சுற்றாக மாற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 67 சுற்று வரும். அதாவது அதைவிட வேகமாகப் பெடல் மிதிக்கிறவருக்கு 85 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை, 600 வாட் என்ற உச்சவரம்புதான் முடிவு செய்யும். அதே நிறுவனத்தின் இலகு மோட்டாரான எஸ்.எக்ஸ்.-க்கும் உச்ச சக்தி 600 வாட்தான். ஆனால் அறிமுகமானபோது அதன் முறுக்குவிசை 55. அதே வகுத்தலைப் போட்டால் 600 வாட்டைப் பார்க்க நிமிடத்துக்கு 104 சுற்று மிதிக்க வேண்டும். காகிதத்தில் சக்தி சமம், ஆனால் ஒருவர் கால் சாவகாசமாகச் சுற்றும்போது கிடைப்பது இன்னொருவர் பதறிப் பதறி மிதித்தால்தான் கிடைக்கும்.

இது உங்கள் முழங்காலோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். கனமான கியரில் மெதுவாக, அழுத்தி மிதிப்பதுதான் முழங்காலுக்கு ஆகாது. மோட்டார் இருப்பதால் இன்னும் கனமான கியரில் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள். ஒரு கியர் இலகுவாக்கி, 75-85 சுற்றில் மிதியுங்கள். பெரும்பாலான மோட்டார்கள் அந்த வேகத்தில்தான் சூடாகாமல், பேட்டரியை வீணாக்காமல் வேலை செய்யும். செயினும் கூடுதல் நாள் உழைக்கும்.

எவ்வளவு சக்தி வேண்டும் என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 82 கிலோ, தண்ணீர், ஹெல்மெட், பை எல்லாம் சேர்த்து 5, வண்டி 24. மொத்தம் 111 கிலோ. 20 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற, மண்பாதையின் உராய்வையும் சேர்த்து, சுமார் 550 வாட் வேண்டும். ஓரளவு பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துக் கொடுக்கக்கூடியது 150-200 வாட். மீதி 350-400 வாட்டை மோட்டார் தர வேண்டும். முழுச் சக்தி மோட்டார் இதை அலட்டிக்கொள்ளாமல் தந்துவிடும். டி.கியூ. நிறுவனத்தின் எச்.பி.ஆர். 50 போன்ற மிக இலகுவான மோட்டார் வெறும் 1.85 கிலோதான், சத்தமே கேட்காது, ஆனால் அதன் உச்ச சக்தி 300 வாட். அதோடு அதே சரிவில் ஏறலாம், சந்தேகமில்லை. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. அதுதான் பிடிக்கும் என்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதில் தப்பில்லை.

மோட்டார் போட்டி இப்போது வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024ல் ட்ரோன் செய்யும் டி.ஜே.ஐ. நிறுவனம் அவினாக்ஸ் என்ற மோட்டாரைக் கொண்டுவந்தது. 2.52 கிலோ எடையில் 105 நியூட்டன் மீட்டர், பூஸ்ட் முறையில் 120, உச்சமாக 1,000 வாட். மறு வருடமே போஷ் தன் புதிய சி.எக்ஸ். மோட்டாருக்கு மென்பொருள் புதுப்பிப்பு மூலமாகவே 100 நியூட்டன் மீட்டரும் 750 வாட்டும் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தளர்ந்த மண்ணில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுவதற்கு 85 நியூட்டன் மீட்டரே தாராளம். ட்ரெயிலில் அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரையும்விட, மோட்டார் உங்கள் கால் அழுத்தத்துக்கு எவ்வளவு நயமாகப் பதில் சொல்கிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் சில மோட்டார்கள் ஒரு நொடிக்கும் குறைவாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு படிக்கல்லில் பெடல் இடிக்கும் என்று மிதியை நிறுத்தும் அந்தக் கணத்தில் இது வரம், நெருக்கமான கொண்டை ஊசி வளைவில் அதுவே தொல்லை. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஆப்பில் மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். இதில்தான் ஆட்கள் பயத்தில் பெரியதாக வாங்கிவிடுகிறார்கள்.

111 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 300 வாட் ஹவர். இது பள்ளிக்கூட இயற்பியல், யாரும் மறுக்க முடியாது. பாதையின் உராய்வுக்கும், நடுநடுவே வரும் சமதளத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 400 என்று வைத்துக்கொள்வோம். இதை நீங்களும் மோட்டாரும் பங்கு போடுகிறீர்கள். மோட்டார் மிக அதிகமாக உதவும் டர்போ முறையில் பொதுவாக உங்கள் சக்தியைப் போல மூன்று மடங்குக்கு மேல் மோட்டார் சேர்க்கும், அதாவது நாலில் மூன்று பங்கு அதனுடையது. 300 வாட் ஹவர். மோட்டார் வெப்பமாக வீணாக்குவதையும் கணக்கில் எடுத்தால் பேட்டரியிலிருந்து போவது 400. மிகக் குறைவாக உதவும் ஈகோ முறையில் மோட்டாரின் பங்கு பத்தில் நாலு என்றால் பேட்டரியிலிருந்து போவது 200 சொச்சம். ஆக, 600 வாட் ஹவர் பேட்டரியில் டர்போவிலேயே போனாலும் சுமார் 1,500 மீட்டர் ஏறலாம், ஈகோவில் 2,500-ஐத் தாண்டும். உங்கள் சுற்று 1,000 மீட்டர். 800 எதற்கு?

போஷின் 600 வாட் ஹவர் பேட்டரி 3 கிலோ, 800 வாட் ஹவர் 3.9 கிலோ. ஒவ்வொரு ஓட்டத்திலும் பயன்படாத 900 கிராமை ஏற்றத்திலும் இறக்கத்திலும் சுமப்பதில் அர்த்தமில்லை. என்றைக்காவது நாள் முழுக்க ஓட்டம் வந்தால் தண்ணீர் பாட்டில் இடத்தில் மாட்டும் துணை பேட்டரி இருக்கிறது, 250 வாட் ஹவர், 1.6 கிலோ. தேவைப்படும் அன்று மட்டும் மாட்டிக்கொள்ளலாம். பாட்டில் போய்விடும், தண்ணீரை முதுகுப் பையில்தான் எடுத்துப் போக வேண்டும்.

சரி, 18.5 கிலோ வண்டியின் 400 வாட் ஹவர் போதுமா? போதும். மொத்த எடை 105 கிலோவாகக் குறைகிறது, மோட்டார் பாதி வேலைதான் செய்கிறது, மீதிப் பாதியை நீங்கள் செய்கிறீர்கள். கணக்குப் போட்டால் 1,500 மீட்டர் வரைகூட இழுக்கும். இலகு வண்டிகளில் சின்ன பேட்டரி நீண்ட தூரம் வருகிற ரகசியம் இதுதான், பாக்கியை உங்கள் கால் கட்டுகிறது.

கனமானதை நான் சொல்வதற்குக் காரணம் பேட்டரி இல்லை, உங்களோடு வருகிற கூட்டம். முழுச் சக்தி வண்டிக்காரர்கள் ஏற்றத்தில் பேசிக்கொண்டே போவார்கள். இலகு வண்டியில் அவர்கள் பின்னால் போகிறவர் எப்போதும் உச்ச முறையில், எப்போதும் மூச்சு முட்ட மிதித்துக்கொண்டிருப்பார், பேட்டரியும் முதலில் தீரும். முழங்கால் சரியில்லாதவருக்கு இது ஆகாது. மாறாக, உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் சாதாரண சைக்கிளில் வருகிறவர்களாக இருந்தால் இலகு வண்டியை யோசிக்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன். தனியாக ஓட்டுகிறவர் என்றால் அவரவர் ருசி.

இதில் ஒரு கிளைக்கதை. மோட்டார் வைத்தால் உடற்பயிற்சி போய்விடும் என்று யாராவது உங்களைச் சீண்டினால், பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். பழகிய மவுன்டன் பைக்காரர்களை ஒரே பாதையில் இரண்டு வண்டியிலும் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். மின்சார வண்டியில் சராசரி இதயத் துடிப்பு, சாதாரண வண்டியில் இருந்ததில் 94 சதவீதம். ஓட்டியவர்களுக்கோ சுலபமாகப் போனது போலத்தான் தோன்றியிருக்கிறது.

வண்டியின் உடம்பைப் பற்றி இனி. 140-150 மி.மீ. சஸ்பென்ஷன் பெரும்பாலான ட்ரெயிலுக்குப் போதும். 160 என்பது கரடுமுரடான, செங்குத்தான இறக்கங்களுக்கு. சாதாரண சைக்கிளில் அதிக டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் நீளம்) என்றால் ஏறும்போது தண்டனை, மோட்டார் இருப்பதால் இங்கே அந்தத் தண்டனை சின்னது. அதனால் முழுச் சக்தி வண்டியில் 160 இருப்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். உங்கள் பாதைகள் வழுவழுப்பாக, வளைந்து வளைந்து போகிறவை என்றால் 140 உயிரோட்டமாக இருக்கும்.

டிராவலைவிட ஏற்றத்துக்கு முக்கியமானவை மூன்று அளவுகள், வடிவ அட்டவணையில் இருக்கும். சீட் டியூப் கோணம், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயின் சாய்வு, 76-78 டிகிரியாக இருந்தால் நீங்கள் பெடலுக்கு நேர் மேலே உட்காருவீர்கள். சாய்வாக இருந்தால் உங்கள் எடை பின்னால் போகும், மோட்டார் பிடித்துத் தள்ளும்போது முன்சக்கரம் எழும்பும். செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையான நீளம், 445 மி.மீ. சுற்றளவில் இருந்தால் செங்குத்தில் முன்சக்கரம் தரையில் இருக்கும். அதைவிடக் குட்டையானால் விளையாட்டுத்தனம் கூடும், ஏற்றத்தில் கட்டுப்பாடு குறையும். மூன்றாவது, பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்கின் நீளம். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. சாதாரண சைக்கிளில் தள்ளிக்கொண்டு போகிற கல்லும் வேருமான ஏற்றங்களில் மின்சார வண்டியில் உட்கார்ந்து மிதித்தே போவீர்கள், இந்த வண்டியின் உண்மையான சுகமே அதில்தான் இருக்கிறது. மிதித்துக்கொண்டே போவதால் பெடல் கல்லில் இடிக்கும். 170 அல்லது 175 மி.மீ. கிராங்குக்குப் பதில் 160 இருந்தால் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி கிடைக்கும், அந்த ஒரு சென்டிமீட்டர்தான் பல இடங்களில் காப்பாற்றும். முழங்காலும் குறைவாக மடங்கும்.

முன்சக்கரம் 29, பின்சக்கரம் 27.5 அங்குலம் என்ற கலவை மின்சார வண்டிகளில் இப்போது சகஜம். முன்னது தடைகளைத் தாண்டும், பின்னது வளைவில் சுறுசுறுப்பு தரும். நீங்கள் ரொம்ப உயரமில்லை என்றால் நல்லது. இரண்டும் 29 என்றாலும் வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை.

பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மோட்டார் வண்டியில் நீங்கள் அதிக நேரம் உட்கார்ந்தே கரடுமுரடைக் கடக்கிறீர்கள், பின்சக்கரம் அடிக்கும் அடி முழுக்க இடுப்பில் ஏறும். பாதை வழுவழுப்பானால், பராமரிப்பு வேலை பிடிக்காதென்றால் ஹார்ட்டெயில் சரி. பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த ஹப் மோட்டார் வண்டியை மட்டும் மலைப்பாதைக்கு எடுக்க வேண்டாம். செங்குத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், மோட்டாரும் அதே மெதுவேகத்தில் திணறிச் சூடாகும். பெடல் அச்சில் இருக்கும் மோட்டார் கியர் வழியாக வேலை செய்வதால் எந்தச் சரிவிலும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிரேக். உங்கள் பழைய சைக்கிள் 14 கிலோ என்றால் மொத்த எடை 101, இப்போது 111. பத்து சதவீதம்தான் கூடுதல், பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டார் இருப்பதால் அதே நேரத்தில் கூடுதல் சுற்று போவீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இறக்கம். நாலு பிஸ்டன் பிரேக், முன்னும் பின்னும் 200 மி.மீ. ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத் தட்டு) என்பதுதான் என் குறைந்தபட்சம். எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தாலும் இரண்டு பிஸ்டன் பிரேக்கும் 180 மி.மீ. ரோட்டரும் போட்டு வருகிற முழுச் சக்தி வண்டியில் எங்கோ கை வைத்துச் சிக்கனம் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற இடங்களையும் உற்றுப் பாருங்கள். நீண்ட இறக்கங்களுக்கு உலோகப் பேடுகள் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

டயரில் வண்டி நிறுவனங்கள் அடிக்கடி ஏமாற்றுகின்றன. எடையைக் குறைத்துக் காட்ட மெல்லிய பக்கச்சுவர் டயரை மாட்டிவிடுவார்கள். பின்டயராவது தடித்த சுவர் கொண்டதாக இருக்கட்டும். மேக்சிஸ் என்றால் எக்ஸோ பிளஸ் அல்லது டபுள் டவுன், ஷ்வால்பே என்றால் சூப்பர் ட்ரெயில் அல்லது சூப்பர் கிராவிட்டி. ஒரு டயருக்கு இருநூறு முன்னூறு கிராம் கூடும். சாதாரண சைக்கிளில் அதைக் கேட்டால் பதறுவோம், இங்கே மோட்டார் பார்த்துக்கொள்ளும். அகலம் 2.4 முதல் 2.6 அங்குலம். டியூப் இல்லாமல், உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றி ஓட்டுங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 22-23, பின்னால் 25-26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஆரம்பித்து, ரிம் கல்லில் இடித்தால் ஒன்று கூட்டுங்கள், டயர் கல்போல் துள்ளினால் ஒன்று குறையுங்கள்.

கியரில் விலையுயர்ந்தது வேண்டாம். மோட்டாரின் இழுப்பில் செயினும் பின்பல்சக்கரமும் வேகமாகத் தேயும். அப்போது மாற்றுவதற்கு மலிவாகக் கிடைக்கும் எஃகுப் பல்சக்கரம்தான் புத்திசாலித்தனம். ஷிமானோ டியோர் 12 கியர் தாராளம். அதே நிறுவனத்தின் லிங்க்கிளைடு வகை, நீண்ட உழைப்புக்கென்றே தடித்த பற்களோடு செய்யப்பட்டது. செயின் தேய்மானம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்து, 0.5 சதவீதம் நீண்டதும் செயினை மாற்றிவிடுங்கள், பல்சக்கரம் பிழைக்கும். கியர் மாற்றும் நொடியில் காலழுத்தத்தைத் தளர்த்துங்கள்.

கார்பன் ஃபிரேமா, அலுமினியமா? முழுச் சக்தி வண்டியில் அலுமினியம். கிடைக்கிற எடைக்குறைப்பு ஒரு கிலோ அளவில்தான், மிச்சமாகும் பணத்தை நல்ல ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) பிரேக்கிலும் போடுங்கள். ஃபோர்க் கால்கள் 35 அல்லது 36 மி.மீ. தடிமனாக இருக்கட்டும், ராக்‌ஷாக்ஸ் லிரிக், ஃபாக்ஸ் 36 போல. இந்த எடைக்கு மெல்லிய கால்கள் வளைந்துகொடுக்கும். இலகு வண்டியில் கார்பனுக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது, அதன் காரணமே எடைதான்.

சட்ட விவகாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டுக்கு மிகாமல், மிதித்தால் மட்டும் உதவி, மணிக்கு 25 கி.மீ.யில் நின்றுவிட வேண்டும் என்பது விதி. 600 வாட், 1,000 வாட் என்று மேலே சொன்னவை கணநேர உச்சம், வண்டியில் ஒட்டியிருப்பது 250 என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கின்றன. ட்ரெயில்களில் பொதுவாக அனுமதி கிடைப்பது முதல் வகுப்புக்கு, அதாவது மிதிக்காமலே ஓட்ட உதவும் த்ராட்டில் இல்லாமல், மணிக்கு 20 மைல் வரை உதவும் வண்டிக்கு. எந்த நாட்டிலும் குறிப்பிட்ட ஒரு காட்டுப்பாதையில் மின்சார வண்டிக்கு அனுமதி உண்டா என்பதை அந்தப் பாதையை நிர்வகிப்பவர்களிடம் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சாதாரண சைக்கிளுக்குத் திறந்திருக்கும் பாதை இதற்கு மூடியிருக்கலாம். வேக வரம்பை உடைக்கும் சிப் பக்கம் போகாதீர்கள். உத்தரவாதம் போகும், பாதையும் எல்லோருக்கும் போகும்.

கொண்டுபோவதில் ஒரு விஷயம். 160 வாட் ஹவருக்கு மேலான லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துப்போக முடியாது. ஆக, நாம் பேசும் எந்த பேட்டரியும் விமானம் ஏறாது. வெளியூரில் ஓட்ட ஆசையிருந்தால், போகிற இடத்தில் அதே வகை பேட்டரி வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். காரின் பின்னால் மாட்டும் தாங்கி ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் சுமை மூன்று நாலு கிலோ குறையும்.

பேட்டரியைக் கழற்ற முடியாத வண்டியும் இருக்கிறது. நிறுத்தும் இடத்திலேயே மின்சாரம் இருந்தால் பிரச்சினையில்லை. மாடியில் குடியிருந்து வண்டியைக் கீழே நிறுத்துகிறவர் அதை வாங்கவே கூடாது. சில வாரம் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள். உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவாதீர்கள், மோட்டார் மழையைத் தாங்கும், அந்தப் பீய்ச்சலைத் தாங்காது.

வாங்கும் முன் ஒரு கேள்வியைக் கடையில் நேராகக் கேளுங்கள். மோட்டாரில் கோளாறு வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் ஆகும்? இந்த மோட்டார்களில் பலவற்றுக்குக் கணினியில் இணைத்துப் பார்க்கும் நிறுவன மென்பொருள் வேண்டும், தெருமுனைச் சைக்கிள் கடையில் முடியாது. பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்யாமல் மோட்டாரையே மாற்றித் தருவார்கள். பக்கத்தில் சேவை மையம் இல்லாத மிகச் சிறந்த மோட்டாரைவிட, மையம் இருக்கிற சுமாரான மோட்டார் மேல். பழைய வண்டி வாங்குவதானால் அதே மென்பொருளில் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, அதன் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பது ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒரு செங்குத்தான, மண் தளர்ந்த சரிவைத் தேடி, அதன் நடுவில் நின்று, அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். மோட்டார் திடீரென்று உதைத்துச் சக்கரத்தை வழுக்க வைக்கிறதா, அல்லது உங்கள் காலோடு சேர்ந்து மெல்லப் பிடிக்கிறதா என்பது அங்கே ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். கல் நிறைந்த இறக்கத்தில் மிதிக்காமல் விட்டு, காது கொடுங்கள். சில மோட்டார்கள் உள்ளே கடகடவென்று ஆடும். அது பழுதில்லை, ஆனால் சிலருக்கு எரிச்சல். அப்புறம் மோட்டாரை அணைத்துவிட்டுச் சமதளத்தில் கொஞ்சம் தூரம் மிதியுங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று தெரியும்.

கடைசியாக, இறங்கி நின்று அந்த 24 கிலோவை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். ஓடுகிற பாதையில் வேலிக்கதவுகளோ விழுந்த மரங்களோ இருந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் தனியாகக் காரில் ஏற்ற வேண்டியிருந்தால், இதைத்தான் வருடக்கணக்கில் செய்யப்போகிறீர்கள். தூக்க முடிந்தால் முழுச் சக்தி வண்டியை 600 வாட் ஹவர் பேட்டரி, 160 மி.மீ. கிராங்க், தடித்த பின்டயரோடு கேட்டு வாங்குங்கள். முடியவில்லை என்றால் நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு 18.5 கிலோவை எடுங்கள். ஏற்றத்தில் கூட்டாளிகள் உச்சியில் நாலு நிமிடம் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.